உண்பன அறிந்து உண்ணல்: நானுஓயாத் தோட்டத்தார்க்கு ஓர் உணவுப் பாடம்

உயிர் உடம்பொடு கூடிநின்று தொழில் செய்தற்கு உணவு இன்றியமையாதது. இஃது எல்லாரும் அறிந்ததே. ஆயினும், வயிறு நிறைதல் வேறு, உடம்பு வளம்பெறுதல் வேறு என்பதனை அறிந்து உண்பார் சிலரேயாவர். பசி ஒருவேளை உணவாற் றீரும்; உணவின் குற்றமோ பத்தாண்டு இருபதாண்டு கழித்தே வெளிப்படும். இன்று பருகும் சீனிநீருக்கும் நாற்பதாம் வயதிற் காணும் நீரிழிவுக்கும், இளமையில் உண்ணாதுவிட்ட கீரைக்கும் மகப்பேற்றுக் காலத்திற் காணும் குருதிக்குறைக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குப் புலனாவதன்று. புலனாகாமையின், அதனைக் கல்வியினாலேயே அறிதல் வேண்டும். திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தைத் திறந்து பார்ப்பவர், அங்கே மூலிகைப் பெயர்களைக் காணாது, உண்ணும் அளவும் முறையுமே பெரிதும் கூறப்பட்டிருத்தல் காண்பர். உணவையே முதன்மருந்தாக நம்மவர் கொண்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

இப்பொருளை நானுஓயாவை முன்வைத்து எழுதுதற்குத் தக்க காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். அஃதாவது மூன்று பிள்ளைகளுள் ஒருவர். உயரக்குறை என்பது அழகுக்குறையன்று. இரண்டு வயதிற்குள் போதிய போஷணை பெறாத பிள்ளையின் எலும்பு மாத்திரமன்றி மூளையும் குன்றுகின்றது. அக்குறை பின்பு கல்வியிலும், உழைப்பிலும், அப்பிள்ளை பெறும் பிள்ளையிலும் தொடர்கின்றது. கறட்டும் லீக்சும் கோவாவும் பீற்றூட்டும் நம் கண்முன்னே விளைந்து, லொறியேறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் செல்கின்றன. அவை விளையும் மண்ணிற் பிறந்த பிள்ளையோ, உரொட்டியும் சாயத்தேநீரும் உண்டு பள்ளிக்கூடம் வருகின்றது. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அதனை நம் கையளவில் எவ்வாறு தீர்க்கலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

1. நம் உணவு வந்த வழி

நம் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களினின்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவராவர். தாம் பிறந்த ஊர்களில் அவருட் பலர் உண்டவை கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை, வரகு என்னும் புன்செய்த் தானியங்களே. நெற்சோறு ஏழைகட்குத் திருவிழாவுணவாக இருந்தது. தோட்டத்திலோ அரிசி கடல்கடந்து வந்தது. தோட்டத்தார் அதனை அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்திற் பிடித்துக்கொண்டனர். 1885ஆம் ஆண்டு புகைவண்டிப்பாதை நானுஓயாவை வந்தடைந்தது. அதன்பின் மேலேறி வரும் வண்டியில் அரிசியும், கீழிறங்கிப் போகும் வண்டியிற் றேயிலையும் சென்றன.

1942ஆம் ஆண்டு யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, இலங்கைக்கு அரிசி வரவு குன்றிப் பங்கீடு ஏற்பட்டது. கோதுமை மா அடுக்களையில் இடம்பெற்றது. போர் முடிந்தும் மா அகலவில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவேண்டிய தாய்க்கு, விரைவிற் பிசைந்து சுடத்தக்கதும், சிறிதே விறகு வேண்டுவதும், மலைக்குக் கட்டிக்கொண்டு போதற்கு எளிதாயதும் உரொட்டியேயன்றோ? 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத்தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, தோட்டங்களிற் பட்டினியால் மாண்டோர் பலராயினர். பயிர்செய்ய நிலமின்றி, முழுவதும் கடையையும் பங்கீட்டையுமே நம்பியிருந்தமை அதற்கு ஒரு முதற்காரணம்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? நம் அன்றாட உணவு நாம் ஆராய்ந்து தெரிந்தெடுத்ததன்று; பிறர் அளந்து தந்ததும், கப்பல் கொண்டுவந்ததும், நேரமின்மை விதித்ததுமாம். ஒன்று நெடுங்காலம் வழங்கியமை பற்றியே மரபாகிவிடாது. உரொட்டியும் சீனித்தேநீரும் நம் மரபல்ல. கேழ்வரகுக் கூழும் பயற்றங்கஞ்சியுமே அவற்றினும் மூத்தவை.

2. புலால் நீங்கினமை ஒன்றே போதுமோ?

சைவர்களாகிய நம்மவருட் சிலர், புலால் நீக்கிய உணவெல்லாம் நல்லுணவே எனக் கருதி அமைந்துவிடுகின்றனர். வெள்ளை மாவுரொட்டி, உறைப்புச் சம்பல், சீனி மிகுந்த தேநீர், கடை விசுக்கோத்து ஆகிய இவற்றிலும் புலால் இல்லை. ஆயின் இவை மாத்திரமே உண்பவன் நலம்பெறான். கொல்லாமை அறத்தின்பாற்பட்டது, போஷணை உணவிலுள்ள சத்துக்களின்பாற்பட்டது. முன்னதனைக் காத்தவர் பின்னதனையும் தேடிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு நம்மூரைப் போலவே தேயிலை விளையும் மலையூராகிய நீலகிரிக் குன்னூரிலே நிகழ்ந்த ஆராய்ச்சி தக்க சான்றாகும். இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், 1918ஆம் ஆண்டு அங்கே பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே பின்பு போஷணை ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அவர் எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, இந்திய நாட்டின் பல பகுதியார் உண்ணும் உணவுகளை அவ்வக் கூட்டத்துக்கு அளித்து வந்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை, கிழங்கு ஆகியவற்றைப் பெரும்பான்மையாகவும் ஊனைச் சிறிதளவாகவும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிக நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றையவற்றை மிகச் சிறிதாகவும் கொண்ட உணவை உண்டவை மெலிந்தன. பின்னர், இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட வெள்ளைப் பாண், மாகரின், சீனியிட்ட தேநீர், பழப்பாகு, அவித்த கோவா, டின்னில் அடைத்த ஊன் முதலியவற்றை ஒரு கூட்டத்துக்கு இட்டார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றி, நோயுற்று, ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் தலைப்பட்டன. எலி மனிதனன்று, ஆதலின் அளவுக்கு மிஞ்சி முடிவு கூறலாகாது. ஆயினும், வெள்ளை மாவும் சீனித்தேநீரும் உணவின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டால் உடம்பு எந்நிலையடையும் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கையாம்.

கவனிக்குக: முதற்கூட்டம் உண்டதும் கோதுமையே, இறுதிக்கூட்டம் உண்டதும் கோதுமையே. வேறுபாடு தவிட்டிலும் துணையுணவிலும் உள்ளது. கோதுமையை வெள்ளை மாவாக்கும் ஆலை, தவிட்டையும் முளையையும் நீக்கிவிடுகின்றது. அவற்றோடு நார்ச்சத்து, இரும்புச்சத்து, பி வகை உயிர்ச்சத்துக்கள் என்பவற்றின் பெரும்பகுதியும் நீங்குகின்றது. அரிசியும் அவ்வாறே. 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே யாவாத்தீவின் பத்தேவியா நகரில் எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்தலையும், தீட்டாத அரிசியிட்டபோது தேறுதலையும் கண்டார். அதற்காக அவருக்கு 1929ஆம் ஆண்டு நொபெல் பரிசு கிடைத்தது. நெல்லை அவித்துக் குத்தும் நம் வழக்கமோ, தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதியை அரிசியினுள்ளே செலுத்திக் காக்கின்றது. ஆதலின் புழுங்கலரிசி பச்சை வெள்ளையரிசியினும் சிறந்தது. தவிடு முற்றும் நீங்காத சிவப்பரிசி அதனினும் சிறந்தது.

3. உணவின் மூன்று தொழில்கள்

உணவு உடம்பினிடத்து மூன்று தொழில் செய்யும். ஒன்று, வெம்மையும் வலிமையும் தருதல். இது மாச்சத்தாலும் கொழுப்பாலும் ஆவது. இரண்டு, உடம்பைக் கட்டுதலும் பழுதுபார்த்தலும். இது புரதத்தால் ஆவது. மூன்று, காத்தல், இஃது உயிர்ச்சத்துக்களாலும் உலோகச்சத்துக்களாலும் ஆவது. நம் லயங்களில் முதற்றொழிலுக்குரிய உணவு பெரும்பாலும் உண்டு. பின்னை இரண்டுமே குறைவு.

புரதத்தை நோக்குவாம். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் வெள்ளை மாவில் ஏறக்குறைய 10 கிராமும், நூறு கிராம் மைசூர்ப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராமும் உள்ளன. அளவு மாத்திரமன்று, தன்மையும் கருதற்பாலது. தானியப் புரதத்தில் இலைசின் என்னும் கூறு குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த வேறொரு கூறு தானியத்தில் உண்டு. ஆதலின் இரண்டையுஞ் சேர்த்துண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். உரொட்டியைச் சம்பலோடு உண்பதற்கும் பருப்புக் கறியோடு உண்பதற்கும் உள்ள வேறுபாடு சுவையளவினதன்று, உடம்பின் அளவினது. பச்சைப்பயறு, கௌபி, கடலை, உளுந்து, சோயா என்பனவும் பருப்போடொக்கும். இட்டலியும் தோசையும் பொங்கலும் அரிசியையும் பருப்பு வகையையும் கூட்டியமைத்த உணவுகளே.

இனிக் கேழ்வரகு. இதனை இந்நாட்டார் குரக்கன் என்பர். நூறு கிராம் தீட்டிய அரிசியிற் சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 10 மில்லிகிராமே. நூறு கிராம் கேழ்வரகிலோ ஏறக்குறைய 344 மில்லிகிராம். எலும்புக்கும் பல்லுக்கும் இதனினும் மலிந்த தானியம் பிறிதில்லை. வெள்ளை மாவிற் பாதியை நீக்கிக் குரக்கன் மாவைச் சேர்த்துச் சுட்டாலும் உரொட்டி உரொட்டியே, சத்தோ பன்மடங்காம்.

காக்கும் உணவாகிய கீரைக்கும் காய்க்கும் நம்மூரிற் குறைவில்லை. முள்ளங்கியின் இலை, நோக்கோலின் இலை, பீற்றூட்டின் இலை, பூசணிக்கொடியின் தளிர் ஆகியவற்றைப் பலர் குப்பையில் எறிகின்றனர். கிழங்கினும் இலையிலேயே சில சத்துக்கள் மிகுதி என்பதனை அவர் அறியார். தோட்டக்காரர் கழித்துவிடும் இவ்விலைகள் பெரும்பாலும் விலையின்றியே கிடைக்கும். மருந்து தெளிக்கும் மரக்கறித் தோட்டங்கள் நம்மூரில் மலிந்திருத்தலின், எவ்விலையையும் ஓடும் நீரிற் பலமுறை கழுவிய பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் நீரில் ஊறவைத்தலும், நெடுநேரம் வேகவைத்தலும், அவித்த நீரைக் கொட்டுதலும் தவறு.

4. தேயிலைக்காட்டிற் குருதிக்குறை

நாளெல்லாம் மலையேறிக் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு மூச்சுவாங்குதல், தலைசுற்றல், களைப்பு ஆகியவை உண்டாயின், அவள் அதனை உழைப்பின் பயனென்றே எண்ணிவிடுகின்றாள். பலரிடத்து அது குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தமையின் பயனாகும். மாதந்தோறும் குருதியிழத்தலும், பிள்ளைப்பேறுகளும், குடற்புழுக்களும் இக்குறையை மிகுவிக்கும்.

ஈண்டு நம்மூர்க்கே சிறப்பாக உரிய ஓர் உண்மையைக் கூறல் வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புச்சத்து, தானியத்திலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு குடலிற் சேரவொட்டாது தடுக்கும். உணவோடு ஒரு கோப்பைத் தேநீர் பருகினால், அவ்வுணவினின்றும் உடம்பு ஏற்கும் இரும்பு பாதிக்கு மேலுங் குறையும். பால் சேர்ப்பதனாலும் இத்தடை பெரிதும் நீங்காது. புலாலுண்பார்க்கு இதனால் வரும் இழப்புச் சிறிது, மரக்கறியுண்பார்க்கோ பெரிது, அவர் பெறும் இரும்பு முழுவதும் இவ்வகையினதே யாகலின்.

அற்றேல், தேநீரைத் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. குளிர்நாட்டில் உழைப்பார்க்கு அது தேற்றரவு தருவதே. வேண்டுவது காலத்தை மாற்றுதல் மாத்திரமே. உண்டபின் ஒரு மணி நேரங் கழித்துப் பருகுக. உணவோடு வெந்நீர் பருகுக. அல்லது தேசிக்காய் பிழிந்த நீர் பருகுக. ஏனெனில், தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம், தக்காளி, கோவா முதலியவற்றிலுள்ள சீ உயிர்ச்சத்து, தேயிலை செய்வதற்கு மறுதலையாக, இரும்பை உடம்பிற் சேர்ப்பிக்கும். கொய்யாப்பழம் ஒன்றில் தோடம்பழத்தினும் மிகுதியாக அச்சத்து உண்டு. கீரைச்சுண்டலின்மேற் பிழியும் அரைத் தேசிக்காய் சுவைக்கு மாத்திரமன்று என்பதனை இல்லாள் அறிவாளாக.

பயற்றை இரவில் ஊறவைத்து, துணியிற் கட்டி, அடுப்பங்கரையின் வெம்மையில் முளைகட்டச் செய்தல் மற்றொரு நல்வழி. முளைத்த பயற்றில் இரும்பைத் தடுக்கும் பொருள் குறையும். சீ உயிர்ச்சத்து புதிதாக உண்டாகும். இரும்புச் சட்டியிற் சமைத்தலாலும் உணவில் இரும்பு சிறிது சேரும்.

5. சீனியும் உப்பும்

ஒருவர் நாளொன்றுக்கு நான்கு கோப்பைத் தேநீரில், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, அஃதாவது 10 கிராம் சீனி இட்டுப் பருகுவாராயின், அது 40 கிராமாகும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200 கிராம். மாதத்துக்கு 6 கிலோ. உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, சேர்க்கப்பட்ட சீனியால் வரும் வலிமை மொத்த உணவு வலிமையிற் பத்திலொரு பங்குக்குக் குறைதல் வேண்டும். இருபதிலொரு பங்குக்குக் குறையின் மேலும் நன்று. பெரியவர் ஒருவர்க்கு இப்பின்னைய அளவு ஏறக்குறைய 25 கிராம். ஆகவே விசுக்கோத்தும் சோடாவும் தொடுமுன்னரே, தேநீரொன்றினாலேயே அளவு கடந்துவிட்டது.

கோப்பைக்கு ஒரு கரண்டியாகக் குறைப்பின், மேற்கூறிய குடும்பம் மாதம் 3 கிலோச் சீனியை மீதப்படுத்தும். அந்த விலை பருப்புக்கும் பாலுக்குஞ் செல்க. ஒரே நாளிற் குறைப்பது கடினமாயின், கிழமைக்குக் காற்கரண்டியாகக் குறைக்க, நாவும் பழகிவிடும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்களுக்கு இலங்கையில் 2016ஆம் ஆண்டு நிறக்குறி விதிக்கப்பட்டது. சிவப்பு மிகுந்த சீனியையும், மஞ்சள் இடைத்தரத்தையும், பச்சை குறைந்ததனையும் காட்டும். எழுத்தறியாப் பிள்ளையும் நிறமறியும். அதனைக் கற்பித்தல் நம் கடன்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது. அது மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. கட்டச்சம்பலும் ஊறுகாயும் அப்பளமும் கூடின், இவ்வளவு அறியாமலே கடந்துபோம். மிகுந்த உப்புக் குருதியழுத்தத்தை உயர்த்தி, இருதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கும். அயடீன் சேர்த்த உப்பே இந்நாட்டில் 1995ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்டது. அதனை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் இறுதியிற் சேர்த்தல் அயடீனைக் காக்கும்.

6. தாயும் சேயும்

1928ஆம் ஆண்டு லூசி வில்சு என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, ஆலைத்தொழில் செய்யும் ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்து அடையும் கொடிய குருதிக்குறையை ஆராய்ந்தார். வெள்ளைப் பாணும் தீட்டிய அரிசியும் மிகுந்து, கீரையும் பழமும் குறைந்த உணவே அவர்தம் உணவு. ஈச்சுப் பொருளாகிய மார்மைற்றை உண்பித்தபோது அப்பெண்கள் தேறினர். அதிலிருந்த சத்தே பின்னாளிற் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. கீரையில் நிறைந்திருப்பதும் அதுவே. நூலாலைப் பெண்களுக்கு நேர்ந்தது தேயிலைப் பெண்களுக்கும் நேரும். உழைப்பு ஒன்று, உணவும் ஒன்றாதலின்.

கருவுற்றவள் மிகுதியாக உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு வருந்தும் என அஞ்சி உணவைக் குறைத்தல் பிழையான எண்ணம். டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவர் 1980களில் இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்து, நிறைகுறைந்து பிறந்தவரிடத்து முதுமையில் இருதய நோய் மிகுதல் கண்டார். இந்தியாவிற் பூனா நகரத்து மருத்துவர் யாஜ்னிக், மெலிந்து பிறக்கும் நம் நாட்டுக் குழந்தையிடத்தும் கொழுப்பு ஒப்பளவில் மிக்கிருத்தலைக் காட்டினார். கருப்பையிற் பசித்த உடம்பு சிக்கனம் பழகிக்கொள்கின்றது. பின்பு சீனியும் மாவும் மலிந்தவிடத்து அதனைத் தாங்கமாட்டாது நீரிழிவிற் புகுகின்றது. ஆதலின், ஐம்பது வயதின் நோய்க்கு மருந்து தாயின் உணவிலேயே தொடங்குவதாம்.

குடும்பநல உத்தியோகத்தர் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கற்க. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையிலும் உண்ணற்க. 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திரிபோஷ மா, சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துக்களும் கலந்தது. தாய்க்கும் மெலிந்த பிள்ளைக்கும் தரப்படும் அதனை, வீட்டிலுள்ளார் அனைவரும் பங்கிட்டு உண்டால் எவர்க்கும் பயன்படாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மாத்திரமே போதும். அதன்பின் மசித்த பருப்பு, கீரை, பூசணி, கஞ்சி என்பன வேண்டும். பிள்ளைமடுவத்திலாயினும் வீட்டிலாயினும், போத்தலிற் சீனித்தேநீர் ஊட்டுதலை அறவே ஒழித்தல் வேண்டும்.

7. ஐயங்களும் விடைகளும்

வினா: கூலி குறைவு, விலை மிகுதி. இந்நிலையில் உணவைத் தெரிந்தெடுத்தல் எவ்வாறு கூடும்?

விடை: இவ்வினா நியாயமானது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுவிலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் உயர்ந்தது. பெருந்தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியோ 2021ஆம் ஆண்டிலேதான் ஆயிரம் ரூபாவாக விதிக்கப்பட்டது. வாங்க வகையில்லாதவரைத் தெரிந்தெடுக்கவில்லையெனக் கடிதல் அறமன்று. நியாயமான கூலியும் பயிரிட நிலமும் கேட்டுப் பெறுதலும் உணவறிவின் பகுதியே. ஆயினும் கையிலுள்ள பணம் செல்லும் வழியிற் சில நம் வசத்தன. சீனியிற் பாதி, விசுக்கோத்து, சோடா, வெற்றிலை பாக்குப் புகையிலை, சாராயம் ஆகிய இவற்றின் செலவை ஒரு மாதம் ஏட்டில் எழுதிப் பார்ப்பவர், பருப்புக்குப் பணமில்லை என்னார். பாக்கு புற்றுநோய் விளைப்பது என்பதனை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுள்ளது. பசியை மறைப்பது உணவாகாது.

வினா: எம் பாட்டன் உரொட்டியும் தேநீரும் உண்டே எண்பதாண்டு வாழ்ந்தான், எமக்கு மாத்திரம் தீங்கு வருமோ?

விடை: எண்பதாண்டு வாழ்ந்த பாட்டனை நாம் கண்டோம், ஐந்தாண்டில் மாண்ட அவன் உடன்பிறந்தாரைக் கண்டிலோம். எஞ்சினவரைக் கொண்டு உணவை அளத்தல் கணக்கறியாதார் செயல். அன்றியும் பாட்டன் நாளெல்லாம் மலையேறி உழைத்தான். பேரன் கடையிலிருந்து கணக்கெழுதுகின்றான். உழைப்புக் குறைந்தவிடத்து அதே மாவும் சீனியும் கொழுப்பாகும்.

வினா: மரக்கறியுணவிற் குறை யாதும் உண்டோ?

விடை: ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட பி-12 என்னும் உயிர்ச்சத்து கீரையிலோ தானியத்திலோ பருப்பிலோ இல்லை. புலாலும் முட்டையும் நீக்கினார்க்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு இடம். அது குன்றின் குருதி கெடும். கைகால் மரத்து, நினைவும் தளரும். ஆதலின் பசு வளர்க்கும் வீட்டார், கறந்த பால் முழுவதையும் விற்று அப்பணத்திற் சீனியும் பிறநாட்டுப் பால்மாவும் வாங்குதல் ஏற்ற வணிகமன்று. பிள்ளைக்கு ஒரு கோப்பையை நிறுத்திக்கொண்டு எஞ்சியதனை விற்க. பாலுங் கொள்ளாதவர் மருத்துவரை வினாவி மாத்திரை கொள்ளல் வேண்டும்.

8. செய்யத்தக்கன

நம் வழிபாட்டு நாட்களில் வழங்கும் பண்டங்களை உற்றுநோக்குமின். நவராத்திரியின் ஒன்பது நாளும் கடலை, பயறு, கௌபி எனச் சுண்டல் மாறிமாறி வருகின்றது. ஆடியில் மாரியம்மன் கோயிலிற் கேழ்வரகுக் கூழ் வார்க்கின்றனர். தைத்திங்களிற் புத்தரிசியோடு பயறும் பாலுஞ் சேர்த்துப் பொங்குகின்றனர். தானியம், பருப்பு, பால் ஆகிய மூன்றும் இவற்றில் அமைந்திருத்தல் காண்க. தெய்வத்துக்குச் சிறந்ததனைப் படைத்துவிட்டு, பிள்ளைக்குத் தாழ்ந்ததனை ஊட்டுதல் என்ன முறை? விழாநாளின் சுண்டலை வாரநாளிலும் செய்க. அன்னதானம் செய்யும் கோயிலார், சோற்றோடு கீரையும் பருப்பும் குறையாது அளிப்பாராக. சைவச் சங்கத்தார், பாடசாலைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாளேனும் காலையில் முளைப்பயறு வழங்கினால், அஃது ஓர் உயர்ந்த தொண்டாகும். காலையுணவின்றி வந்த பிள்ளைக்குக் கரும்பலகையின் எழுத்து மங்குதலை ஆசிரியராயினார் யாவரும் அறிவர்.

ஒரு நாளுக்குரிய உணவைச் சுருங்கக் கூறுவாம். காலை: குரக்கன் கலந்த உரொட்டி, பருப்புக் கறி, வெந்நீர். மலையில் இடைவேளை: அப்பொழுது தேநீர், ஒரு கரண்டிச் சீனியோடு. நண்பகல்: புழுங்கலரிசி அல்லது சிவப்பரிசிச் சோறு, முள்ளங்கியிலைச் சுண்டல் தேசிக்காய் பிழிந்து, போஞ்சி அல்லது கறட், மோர். மாலை: அவித்த கடலை அல்லது முளைப்பயறு, கிடைத்த பழம். இரவு: சோறு அல்லது கூழ், பருப்பு, ஒரு காய், பிள்ளைக்குப் பால். தட்டிற் பாதி காயுங் கீரையும், காற்பங்கு தானியம், காற்பங்கு பருப்பு என்பது நினைவிலிருத்தத்தக்க எளிய அளவு. நீரிழிவு, சிறுநீரக நோய் முதலியன உடையார் தத்தம் மருத்துவர் சொற்படி இதனை மாற்றிக்கொள்க.

அன்பர்களே, இவை யாவும் ஒருங்கே செய்தற்கு அரியன எனின், இக்கிழமை ஒன்றனைச் செய்மின்: உணவையும் தேநீரையும் ஒரு மணி நேரம் பிரித்து வைமின். இதற்குக் காசு வேண்டா, நிலம் வேண்டா, எவர் அனுமதியும் வேண்டா. அடுத்த கிழமை சீனியிற் காற்கரண்டி குறைமின். அதற்கடுத்த கிழமை லயத்தின் முற்றத்தில் ஒரு பாத்தி கீரை விதைமின். சிறு தொடக்கமே நெடுநாள் நிற்கும்.

பயிற்சி வினாக்கள்

1. புலால் நீங்கிய உணவனைத்தும் நல்லுணவாகாமை எங்ஙனம்?
2. குன்னூர் ஆராய்ச்சியில் ஒரே கோதுமை இருவேறு பயன் தந்தமைக்குக் காரணம் கூறுக.
3. தேநீரை உணவோடு பருகலாகாமைக்கும், தேசிக்காயை உணவோடு சேர்க்கவேண்டியமைக்கும் காரணம் யாது?
4. உம் வீட்டில் ஒரு மாதத்திற் செலவாகும் சீனி எவ்வளவு? அதிற் பாதியின் விலைக்கு எவ்வளவு பருப்பு வாங்கலாம் என்பதனைக் கணக்கிடுக.
5. உம் தோட்டத்தில் விலையின்றிக் கிடைக்கும் கீரைகள் எவை? பெரியோரை வினாவி எழுதுக.